சலூனில் பிறந்த மல்லிகை

(வேலணையில் நடந்த வாசகர் சந்திப்பில் நமது சங்கத்தின் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



மலையகத்தில் இருந்து வந்தவர்கள் சம்பளம், காணி, லயன் வீடு பற்றித்தான் பேசுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். கடைசியில் அதையும் தொடுவோம். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டது ஒரு மனிதரைப் பற்றி. அவர் ஒரு சஞ்சிகையை 46 வருடங்கள் நடத்தினார். அந்தச் சஞ்சிகை மல்லிகை. அந்த மனிதர் டொமினிக் ஜீவா.

அவர் வேலணைக்காரர் இல்லை. பண்ணைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாண நகரத்தில் பிறந்தவர். இங்கே வந்து அவரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இது கவிஞர் தில்லைச்சிவனின் மண். அவரும் எங்களைப் போல ஆசிரியர். அடுத்த தீவான புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் ஊர். அவர் இரத்தினபுரியில் படிப்பித்தவர். 1971ல் தன் ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டும் என்று நின்று அடிபட்டார். நாற்பது வயதைக் காணாமலே 1973ல் போய்ச் சேர்ந்தார். எழுத்து யாருடையது, தண்ணீர் யாருடையது என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்ட பூமி இது. டொமினிக் ஜீவாவின் முதல் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. இந்தப் பெயரை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜீவா 1927 ஜூன் 27ஆம் திகதி பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பம். பாடசாலையில் ஓர் ஆசிரியர் அவருடைய சாதியைச் சொல்லி அவமதித்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பையன் தகப்பனுடைய தொழிலுக்குப் போனான். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன்தான் அதன்பிறகு அவருக்குப் பள்ளிக்கூடம். அதைத் தன் சர்வகலாசாலை என்றே அவர் பெருமையாகச் சொல்லிவந்தார்.

ஆசிரியர்களாகிய எங்களை இந்த இடம் உலுக்குகிறது. வகுப்பறையில் ஒரு பெரியவர் வாயிலிருந்து விழுகிற ஒரு சொல், ஒரு பிள்ளையை வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். தோட்டப் பாடசாலையில் இது எப்படி நடக்கும் என்று இங்கே வந்திருக்கும் தாய்மாருக்குத் தெரியும். "கொழுந்து பறிக்கப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு?" என்று ஒருவர் சொன்னால் போதும். பெரிய அடி எதுவும் தேவையில்லை. அந்தப் பிள்ளை அடுத்த தவணைக்கு வராது. ஜீவா வாசலுக்கு வெளியே போனார், ஆனால் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எல்லாப் பிள்ளைக்கும் அது வாய்ப்பதில்லை.

சலூன் என்பது என்ன இடம்? பலவகை ஆட்கள் வந்து உட்காருகிற இடம். முறை வரும் வரைக்கும் பத்திரிகை வாசிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். கத்தரிக்கோல் பிடித்திருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்த நிற்பில் அவர் படித்தார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். தமிழ்நாட்டுத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் டொமினிக் என்ற தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். எழுதத் தொடங்கினார். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் முன்னுக்கு நின்றார். 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. ஐந்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட ஒருவருடைய புத்தகத்துக்கு நாட்டின் பரிசு கிடைத்தபோது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரிய படிப்பாளிகள் சிலருக்கு அது பொறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. சாதாரண மக்கள் பேசுகிற தமிழைக் கதையில் எழுதலாமா கூடாதா என்பது வழக்கு. அது 'இழிசனர் வழக்கு', இலக்கியத்துக்கு ஆகாது என்று பண்டிதர் தரப்பு சொன்னது. ஜீவா, கே. டானியல் போன்றவர்கள் மற்றத் தரப்பில் நின்றார்கள். எங்கள் மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படித்தான் எங்கள் கதையில் பேசுவார்கள் என்றார்கள்.

தோழர்களே, இந்த வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? எங்கள் பிள்ளை கட்டுரைக் கொப்பியில் பெரட்டு என்று எழுதுகிறது, பிள்ளைக் காம்பரா என்று எழுதுகிறது, "அம்மாவுக்கு இன்று அரைப் பேர்தான் போட்டார்கள்" என்று எழுதுகிறது. இதற்குச் சிவப்பு மையால் வட்டம் போடும் வழக்கம் இன்னும் பல வகுப்பறைகளில் உண்டு. அரைப் பேர் என்றால் என்ன என்று வட்டம் போடுகிறவருக்குத் தெரியாது. நாள் முழுக்க மலையில் நின்றும் சொன்ன றாத்தல் வராவிட்டால் பாதிச் சம்பளம் என்பது அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. வேறு எந்த நல்ல தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் அந்தப் பாதிச் சம்பளம் வசனத்தில் இருந்து காணாமல் போய்விடும்.

இனி மல்லிகைக்கு வருவோம். 1966 ஆகஸ்ட் 15ஆம் திகதியிட்டு முதல் இதழ் வந்தது. பணம் போட்டது யார்? தமிழில் புலவர்களை ஆதரித்தவர்கள் என்றால் நமக்குப் பாரியும் குமணனும் ஞாபகத்துக்கு வருவார்கள். பிற்காலத்தில் ஜமீன்தார்கள். 1901ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். நம் யாழ்ப்பாணத்தில் 1930ல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையா சொந்தமாக அச்சகம் வைத்திருந்தவர். வரதர் 1946ல் மறுமலர்ச்சி சஞ்சிகையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், 1955ல் கவிதைக்கென்றே தேன்மொழி என்ற இதழையும் மஹாகவியோடு சேர்ந்து நடத்தினார். இவர்கள் எல்லோரும் செய்தது பெரிய காரியம். ஜீவா அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தபோது அவர் கையில் ஜமீனும் இல்லை, அச்சகமும் இல்லை, காணி பூமியும் இல்லை. ஒரு சலூன் இருந்தது, ஒரு சைக்கிள் இருந்தது.

புலவரை ஆதரிப்பது என்றால் பொற்கிழி கொடுப்பது என்று நாம் படித்திருக்கிறோம். ஜீவாவிடம் பொற்கிழி இல்லை. அவர் கொடுத்தது நான்கு விதமான ஆதரவு. அந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். நம்முடைய சங்கத்துக்கும் இவை நான்கும் வேண்டியிருக்கின்றன.

முதலாவது, இடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு மட்டும் இல்லை. தெற்குக் கரையில் திக்குவல்லை என்ற ஊரில் இருந்து கமால் என்ற இளைஞர் எழுதினார். மல்லிகை திக்குவல்லைக்கே ஒரு சிறப்பிதழ் போட்டது. நீர்கொழும்பில் இருந்து முருகபூபதி 1972ல் மல்லிகையில்தான் எழுத்துக்குள் வந்தார். மேமன்கவிக்கு வீட்டுமொழி தமிழே இல்லை, மேமன் மொழி. அவர் தமிழ்க் கவிஞராகப் பெயரெடுத்தது மல்லிகைப் பந்தலுக்குக் கீழே. சிங்கள எழுத்தாளர்களின் கதைகள் தமிழாகி மல்லிகையில் வந்தன. மலையகத்துக்கும் சிறப்பிதழ் வந்தது.

அது எந்தக் காலம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948ல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மல்லிகை பிறக்கிறது. எங்கள் லயங்களில் எந்த ஊருக்கு மனுப் போடுவது என்று குடும்பங்கள் பிரிந்து நின்ற நேரம். அந்த நேரத்தில் ஒரு சஞ்சிகை எங்கள் ஆட்களிடம் எழுத்தைக் கேட்டது. இந்தியக் கடவுச்சீட்டா, இலங்கைப் பிரஜையா, இரண்டும் இல்லாதவரா என்று கேட்கவில்லை. ஒரு பக்கம் கொடுப்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், நாடே இடம் கொடுக்காத காலத்தில் கொடுத்த பக்கம் அது என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, முகம் கொடுத்தார். மல்லிகையின் அட்டையில் சினிமா நடிகர் வரமாட்டார். மந்திரி வரமாட்டார். எழுத்தாளர், கவிஞர், கலைஞர், ஓர் ஊருக்காக உழைத்த ஆசிரியர் என்று இப்படிப்பட்டவர்களின் முகம் வரும். உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். அந்தக் கட்டுரைகள் பிறகு 'அட்டைப்பட ஓவியங்கள்' என்று புத்தகமாகவும் வந்தன. ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போது அவனுடைய ஊரே அவன் படத்தை அட்டையில் பார்க்க வேண்டும் என்பது ஜீவாவின் எண்ணம். செத்த பிறகு மாலை போடுவதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். உயிரோடு இருப்பவரை மதிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

மூன்றாவது, உழைப்புக் கொடுத்தார். இன்று ஒரு பக்கத்தைக் கணினியில் அடித்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம். அன்று ஈய எழுத்து. பெட்டிப் பெட்டியாக எழுத்துகள் இருக்கும். அச்சுக் கோக்கிறவர் நின்றபடியே ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரிசை கட்ட வேண்டும். கொம்பு தனி எழுத்து, கால் தனி எழுத்து. ஒரு பக்கம் முடிந்தால் மை தடவி ஒரு தாள் எடுத்துப் பிழை பார்க்க வேண்டும். பிழை இருந்தால் சாமணத்தால் அந்த எழுத்தைத் தூக்கி வேறு வைக்க வேண்டும். அடித்து முடிந்த பிறகு அத்தனை எழுத்தையும் திரும்ப அந்தந்தப் பெட்டிக்குள் பிரித்துப் போட வேண்டும், அப்போதுதான் அடுத்த பக்கம். கொழுந்து பறிக்கிற விரலுக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. கவிஞர் ஒருவர் பத்து நிமிடத்தில் எழுதிய கவிதைக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் அரைநாள் நிற்பு இருந்தது. ஜீவா இந்த அனுபவத்தை எழுதி வைத்திருக்கிறார். 'அச்சுத்தாளினூடாக ஓர் அனுபவப் பயணம்' என்பது அந்தப் புத்தகத்தின் பெயர்.

நான்காவது, தன் காலைக் கொடுத்தார். இதைத்தான் நாங்கள் மிகப் பெரியதாக நினைக்கிறோம். இதழ் அச்சாகி வந்ததும் ஜீவா அதைத் தூக்கிக்கொண்டு தானே புறப்படுவார். சைக்கிளில் போவார், நடந்து போவார். வீடு, கந்தோர், கடை, கூட்டம் நடக்கும் மண்டபம் என்று ஒன்றும் பாக்கியில்லை. கையில் கொடுத்து, காசை வாங்கி, போன இதழ் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் போவார். காசு தராதவர் இருந்தார்கள். கேலி செய்தவர் இருந்தார்கள். முடி வெட்டுகிறவன் புத்தகம் விற்கிறான் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதமும் அவர் அதே வாசலில் போய் நின்றார்.

இதில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. ஒரு பணக்காரர் காசு போட்டு நடத்துகிற சஞ்சிகை, அவருக்கு மனம் மாறினால் நின்றுவிடும். ஆயிரம் பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கொடுத்து நடத்துகிற சஞ்சிகையில் இருபது பேருக்கு மனம் மாறினாலும் மிச்சப் பேர் இருப்பார்கள். வாசகர் எல்லோரும் சேர்ந்துதான் புலவரை ஆதரித்த வள்ளல். ஜீவா அந்த வள்ளலின் கைகாலாக ஓடினார். 46 வருடம், 400க்கும் மேற்பட்ட இதழ். அந்தக் காலத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள் ஓர் இரவில் போயின. அதற்குப் பிறகு யுத்தம். பொருளாதாரத் தடையில் கடதாசி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த காலம் வந்தது. 1995 ஒக்டோபரில் நகரமே காலியானது. மல்லிகை பிறகு கொழும்புக்குப் போய், ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து திரும்பவும் வெளிவந்தது. பெரிய கட்டிடம் எரிந்தது. வீட்டுக்கு வீடு கையில் கொடுக்கப்பட்ட மெல்லிய புத்தகங்கள் பல வீட்டு அலுமாரிகளில் தப்பி இருந்தன. இன்று நூலகம் நிறுவனம் மல்லிகை இதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தொலைபேசியிலேயே திறந்து வாசிக்கலாம், காசு இல்லை.

ஜீவாவை நாங்கள் சாமியாக்க வரவில்லை. அவர் கட்சிக்காரர். மல்லிகை முற்போக்கு அணியின் பக்கம் நின்ற இதழ். அந்தப் பார்வை பிடிக்காதவர்கள் இருந்தார்கள். 1975ல் அ. யேசுராசாவும் நண்பர்களும் அலை என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். இலக்கியத்தை அவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் கடுமையாக எழுதிக்கொண்டன. அதனால் குறைந்தது ஒன்றும் இல்லை. ஓர் ஊரில் இரண்டு சஞ்சிகை சண்டை பிடித்தால் வாசகனுக்கு லாபம். ஒரு தோட்டத்தில் இரண்டு சங்கம் இருந்தால் அப்படியா என்று கேட்டால் அதற்கு நாங்கள் இங்கே பதில் சொல்ல மாட்டோம். (சிரிப்பு)

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறோம். எங்களோடு வந்திருக்கும் தோழர்களுக்கு இது தெரியும், வேலணைக்காரருக்குப் புதுச் செய்தி. எங்கள் சங்கத்துக்கு ஒரு செய்திமடல் உண்டு. அதன் கடைசிப் பக்கம் அங்கத்தவர்களும் பிள்ளைகளும் எழுதுகிற கவிதைக்கும் கதைக்கும் உரியது. 2022ல் நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்து, பத்திரிகைகள் சில பதிப்புகளை நிறுத்தின, பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அதிலிருந்து ஏறிய அச்சுச் செலவு பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் கடைசிப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை சங்கத்துக்குள் இருக்கிறது. கவிதையால் சம்பளம் கூடுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நல்ல தோழர்கள்தான் கேட்கிறார்கள். அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கவிதையைக் காட்டி எந்தத் துரையிடமும் ஒரு ரூபா கூட்டி வாங்க முடியாது. அது உண்மை. ஆனால் தோட்டத்தில் சங்கம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். கோ. நடேசய்யர் முதலில் செய்தது பத்திரிகை. புடவை வியாபாரி போல வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் போய் ஆட்களைக் கண்டார். தேசபக்தன் நடத்தினார், துண்டுப் பிரசுரம் அடித்தார். 1931ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் அமைந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டி மேடையில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் சட்டம் போய்ச் சேரும் முன்னே அந்தப் பாட்டுப் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, 1947ல் பாராளுமன்ற உறுப்பினர், அதே நேரத்தில் கவிஞர். மலைநாட்டுப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்தவரும் அவரே. எங்கள் இயக்கத்தில் சங்கக் கணக்குப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் ஒரே பைக்குள் இருந்தன. இரண்டில் ஒன்றை வெளியே எடுத்து வைத்தால் பை இலேசாகும், பாதி ஆட்களும் கழன்று போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தின் சந்தா சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. செக்ரோலில் பேர் இருந்தால் போதும், கந்தோர் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். அது போராடிப் பெற்ற வசதி, அதை விடக்கூடாது. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. காசு தானாக வருவதால் யாரும் வாசலுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. வருடக்கணக்காகச் சந்தா கட்டும் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவின் முகத்தைச் சங்கக் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஜீவாவுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சந்தாவுக்கும் ஒரு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. நின்றதால் ஒவ்வொரு முகமும் தெரிந்திருந்தது. முகம் தெரிந்ததால்தான் இவ்வளவு இழப்புக்குப் பிறகும் வேறு ஊரில் போய்த் திரும்பத் தொடங்க முடிந்தது.

ஆகவே எங்கள் தரப்பு யோசனை மூன்று. வருகிற பொதுக்குழுவில் எழுத்தில் கொடுக்கப் போகிறோம்.

ஒன்று, கடைசிப் பக்கம் இருக்க வேண்டும். அச்சுச் செலவு கட்டாது என்றால் அந்தப் பக்கத்துக்கான காசைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்க ஆசிரியர்கள் தயார். விரும்பிய தோட்டக் கமிட்டிகளும் சேரலாம். கட்டாயம் இல்லை, கழிப்பும் இல்லை. கையில் வாங்குகிற காசு.

இரண்டு, செய்திமடலைக் கட்டுக்கட்டாகத் தலைவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போகக்கூடாது. டிவிஷனுக்கு இரண்டு இளம் பிள்ளைகள் லயத்துக்கு லயம் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டு வர வேண்டும். போன மாத இதழ் எப்படி என்று கேட்டு வர வேண்டும். வரும்போது கூரை ஒழுகுது, தண்ணீர் வரவில்லை, சேமலாபப் பணம் வந்து சேரவில்லை என்று நாலு பிரச்சினையும் சேர்ந்து வரும். அதுதான் சங்க வேலை.

மூன்று, அட்டை. எங்கள் செய்திமடலின் முன்பக்கத்தில் யார் படம் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். மாலை போட்ட தலைவர்கள், மாலை போடுகிற தலைவர்கள், மைக் பிடித்த தலைவர்கள். (சிரிப்பு) அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. வருடத்தில் நான்கு இதழிலாவது வேறு முகம் வரட்டும். முப்பது வருடம் மலையில் நின்று ஓய்வுபெற்ற ஒரு தாய். தோட்டத்துப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பிள்ளைக் காம்பரா ஆயம்மா. காமன் கூத்தில் வேடம் கட்டுகிற பெரியவர். கவிதை எழுதும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. உள்ளே அவரைப் பற்றி ஒரு பக்கம். ஜீவா காட்டிய வழி இது, காப்புரிமை கிடையாது.

வேலணைப் பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். தீவுப்பகுதி வியாபாரிகள் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் கடை போட்டு உழைத்தவர்கள். எங்கள் மலைநாட்டு டவுன்களிலும் யாழ்ப்பாணத்தார் கடைகள் இருந்தன. அரிசியும் கருவாடும் கடனுக்கு வாங்கிய பழக்கம் நமக்குள் உண்டு. கடன் கொப்பியில் மட்டும் நம் பேர் ஒருவர் கையால் ஒருவர் எழுதப்பட்டிருந்தால் போதாது. உங்கள் நூலகங்களில் மலையக எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு ஒரு தட்டு வையுங்கள். சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், சாரல் நாடன் ஆகியோரின் நூல்களை உங்கள் பிள்ளைகள் எடுத்து வாசிக்கட்டும். தில்லைச்சிவனையும் தளையசிங்கத்தையும் எங்கள் பாடசாலைகளுக்கு அனுப்பி வையுங்கள். நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம்.

ஜீவாவுக்கு 2005ல் அரசின் சாகித்திய ரத்னா விருது கிடைத்தது. கனடாவின் இயல் விருதும் பிறகு கிடைத்தது. 2012 முடிவோடு மல்லிகை நின்றது. அப்போது அவருக்கு வயது 85. 2021 ஜனவரி 28ஆம் திகதி கொழும்பில் காலமானார். மலையகத்தில் அந்த நாட்களில் எங்கள் வாயில் ஒரே பேச்சு ஆயிரம் ரூபா. அடுத்த வாரமே வேலைநிறுத்தம், மார்ச்சில் வர்த்தமானி. ஒரு சஞ்சிகை ஆசிரியரின் சாவு அந்த இரைச்சலில் எங்கள் லயங்களுக்குக் கேட்கவில்லை. அந்த ஆயிரம் ரூபாவும் விலைவாசியில் கரைந்து, அதற்கு மேலும் கேட்டுத்தான் நின்றுகொண்டிருக்கிறோம். இனியும் கேட்போம். கேட்கிற வாய்க்குச் சொந்தமாக ஒரு பக்கமும் வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் நின்ற ஒருவர் ஊரூராகத் தேடிப் போய் மற்றவர்களை எழுத வைத்தார். எங்கள் பாடசாலைகளில் இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் யார் ஜீவா என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாப் பிள்ளைக்கும் பக்கம் வேண்டும். பொதுக்குழுவில் இந்த யோசனைக்குக் கை தூக்குங்கள் என்று எங்களோடு வந்த தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கைகளை இங்கேயே எண்ண மாட்டோம், மலைக்குத் திரும்பிய பிறகு லயத்துக்கு லயம் வந்து கேட்போம்.